பன்னிரண்டு ஞாயிற்றுக்கிழமைகளுக்கு எந்தத் தையல்?

பொங்கல் கழிந்த முதல் ஞாயிற்றுக்கிழமையிலிருந்து, வேலூர் சைதாப்பேட்டையில் எங்கள் வீட்டு மொட்டைமாடிக் கொட்டகையில், தெருப் பெண்கள் எட்டுப் பேருக்கு ஒட்டுப்போர்வை தைக்கச் சொல்லிக்கொடுப்பதாக ஒப்புக்கொண்டிருக்கிறேன். ஒப்புக்கொண்ட பிறகுதான் சிக்கல் புரிந்தது. பன்னிரண்டு வாரத்தில் ஒரு முறையைத்தான் உருப்படியாகக் கற்பிக்க முடியும். எனக்கோ ஐந்து முறைகள் கைவந்தவை, ஐந்தின் மீதும் பிரியம் உண்டு. பிரியத்தை வைத்து முடிவெடுத்தால் எனக்குப் பிடித்ததைத்தான் அவர்கள் தலையில் கட்டுவேன் என்பதால், நேரம், துணி, வெயில், கருவி ஆகிய நான்கையும் முன்னால் வைத்துக்கொண்டு ஐந்து முறைகளையும் ஒப்பிட்டுப் பார்த்தேன். இதே யோசனையில் இருக்கும் வேறு யாருக்கேனும் உதவலாம் என்பதால் அந்தக் கணக்கை இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு விளக்கம். குயில்ட் என்று உலகம் சொல்வதும் ஒட்டுப்போர்வை என்று எங்கள் வீட்டில் சொல்வதும் அடிப்படையில் ஒன்றுதான்: மேல்துணி, நடு அடுக்கு, அடித்துணி ஆகியவற்றை ஒன்றாகச் சேர்த்துப் பிடிக்கும் தையல். துண்டு துண்டாக ஒட்டுப்போட்டு மேல்துணியைச் செய்வது தனி வேலை, அடுக்குகளைச் சேர்த்துத் தைப்பது தனி வேலை. சில முறைகளில் இவ்விரண்டும் அடுத்தடுத்து நடக்கும். சிலவற்றில் ஒரே ஊசியோட்டத்தில் நடந்து முடிந்துவிடும். என் முடிவைக் கடைசியில் தீர்மானித்தது இந்த வேறுபாடுதான்.

எட்டுப் பேரில் மூவர் ராணிப்பேட்டைப் பக்கம் ஷூ கம்பெனிகளில் தையல் பிரிவில் வேலை செய்பவர்கள். ஒருவர் வீட்டிலேயே ரவிக்கை தைத்துக் கொடுப்பவர். ஒருவர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. மற்ற மூவரும் பொத்தான் தைப்பதைத் தாண்டி ஊசியைத் தொட்டதில்லை. வகுப்பு ஞாயிறு மாலை இரண்டு மணி நேரம் என்றால் பன்னிரண்டு வாரத்துக்கு 24 மணி நேரம். மற்ற நாட்களில் ஆளுக்கு அரை மணி நேரம் வீட்டில் தைத்தால் இன்னொரு 36 மணி நேரம். மொத்தம் 60 என்று தாளில் வருகிறது. ஆனால் கல்யாணம், காய்ச்சல், பிள்ளைகளின் தேர்வு, கிருத்திகை எல்லாம் குறுக்கே வரும் என்பதால் 50 என்று வைத்துக்கொண்டேன். தைக்கப்போகும் போர்வையின் அளவு ஒரு கெஜ அகலம், ஒன்றேகால் கெஜ நீளம், அதாவது 36 அங்குலத்துக்கு 45 அங்குலம். குழந்தைக்குப் போர்த்தலாம், பெரியவர் மடியில் போட்டுக்கொள்ளலாம். இந்த அளவுக்குள், 50 மணி நேரத்துக்குள் முடியாத முறை எவ்வளவு அழகானதாக இருந்தாலும் தள்ளுபடி. இரக்கமற்ற விதிதான்; ஆனால் என் டிரங்குப் பெட்டியில் பாதியில் நிற்கும் நான்கு போர்வைகள் அதற்குச் சாட்சி.

நான் முதலில் கற்றது மிஷினில்தான் என்பதால் அங்கிருந்தே தொடங்குகிறேன். என் தந்தையார் தையற்கடை வைத்திருந்தார். வெட்டும் மேசைக்கு அடியில் விழும் துண்டுகளை ஒரு சாக்கில் சேர்த்து, மெத்தைக் கடைக்குப் போகும் முன் நான் அதில் கைவிட்டு வேண்டியதை எடுத்துக்கொள்வேன். ரவிக்கைக் கை வெட்டியது போக மிஞ்சும் வளைந்த ஓரங்கள், சட்டைக் காலருக்கு வெட்டிய நீளப் பட்டைகள், பாவாடை நாடாவுக்குக் கிழித்து மிஞ்சியவை ஆகிய எல்லாம் ஒடுங்கிய நீளத் துண்டுகளாகத்தான் இருக்கும். அவற்றுக்கு மிகப் பொருத்தமான முறை லாக் கேபின். ஒரு காடாத் துணிச் சதுரத்தின் நடுவில் சிறு கட்டம் ஒன்றை வைத்து, அதன் நான்கு பக்கமும் சுற்றிச் சுற்றிப் பட்டைகளை ஒவ்வொன்றாகக் கவிழ்த்து வைத்துத் தைத்துப் புரட்டிக்கொண்டே போவது. நடுக்கட்டம் ஒன்றரை அங்குலம், பட்டைகள் தையல் போக முக்கால் அங்குலம், ஐந்து சுற்று என்று வைத்தால் 9 அங்குலக் கட்டம் ஒன்று கிடைக்கும். நாலுக்கு ஐந்தாக அப்படி 20 கட்டங்களை இணைத்தால் நம் போர்வையின் அளவு சரியாக வந்துவிடும். கட்டத்துக்கு 20 பட்டை வீதம் 400 பட்டைகள். மிதி மிஷினில் ஒரு கட்டம் முடிக்க எனக்கு 40 நிமிடம் ஆகும். ஆக 13 அல்லது 14 மணி நேரத்தில் மேல்துணி தயார். அடுக்குகளைச் சேர்த்து நேர்கோட்டில் தைக்க இன்னும் ஐந்து மணி நேரம் போதும். ஐந்து முறைகளிலும் சீக்கிரம் முடிவது இதுதான்.

அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தின் ஜீஸ் பெண்ட் என்ற சிற்றூரில், அடிமைகளாக இருந்தவர்களின் வழிவந்த கறுப்பினப் பெண்கள், கிழிந்த வேலைச் சட்டைகளையும் கால்சட்டைகளையும் பிரித்துத் தைத்த போர்வைகளில் இதே குடும்பத்தைச் சேர்ந்த வகை ஒன்று உண்டு. வீட்டுக்கூரை என்று பொருள்படும் பெயரால் அதை அழைக்கிறார்கள். அவர்களுடைய போர்வைகள் 2002ஆம் ஆண்டில் ஹியூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்திலும் அடுத்து நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்திலும் சுவரில் தொங்கின. படங்களை முதன்முதலில் பார்த்தபோது எனக்கு ஏற்பட்டது வியப்பைவிட நிம்மதிதான் என்று சொல்ல வேண்டும். அவர்களுடைய பட்டைகள் கோணலாக இருந்தன, அகலம் ஓரிடத்தில் பெருத்தும் ஓரிடத்தில் சிறுத்தும் போயின, ஒரு மூலையில் நீலம் தீர்ந்த இடத்தில் தயக்கமின்றிப் பழுப்பு வந்து உட்கார்ந்திருந்தது. அடிக்கோல் வைத்துக் கோடு கிழித்தாலொழிய கத்தரியைத் தொடவிடாத தந்தையின் கடையில் வளர்ந்த எனக்கு, கோணலையும் ஒரு முடிவாக எடுக்கலாம் என்று புரிய அந்தப் படங்கள் தேவைப்பட்டன.

இவ்வளவு சாதகம் இருந்தும் லாக் கேபினை இந்த வகுப்புக்கு வேண்டாம் என்று விட்டதற்கு இரண்டு காரணங்கள். எங்கள் கொட்டகையில் இருப்பவை இரண்டே மிஷின்கள். எட்டுப் பேர் இரண்டு மணி நேரத்தைப் பங்கிட்டால் ஆளுக்கு அரை மணி நேரம்தான் மிஷின் கிடைக்கும். இரண்டாவது காரணத்தைச் சொன்னவர் ஷூ கம்பெனியில் வேலை செய்யும் பெண்களில் ஒருவர். பவர் மிஷினில் அவருடைய கை என்னைவிட வேகமானது. வளைவான தோலைக் கோடு பிசகாமல் தைப்பவர். வகுப்பைப் பற்றிப் பேசவந்தவர் போகும்போது படியில் நின்று, "அக்கா, ஞாயிற்றுக்கிழமையாவது மிஷின் சத்தம் இல்லாம இருக்கணும்" என்றார். அந்த ஒரு வாக்கியத்துக்குப் பிறகு, மிஷினில் துணியை நகர்த்தும் பல்லை மூடிவிட்டு வளையத்தில் துணியைப் பிடித்து விருப்பம்போல் ஓட்டும் சுதந்திரத் தையலைப் பற்றி நான் யோசிக்கக்கூட இல்லை. அதில் எனக்கே இன்னும் நூல் பந்தாகச் சுருண்டு அடியில் நிற்கும் என்பது வேறு விஷயம்.

அடுத்தது அறுகோணத் தாள்முறை. தடித்த தாளில் அறுகோணங்களை வெட்டி, ஒவ்வொன்றின் மேலும் துணியைப் போர்த்தி ஓரத்தை மடித்துத் தற்காலிகமாகத் தைத்து, பிறகு இரண்டு இரண்டாக விளிம்போடு விளிம்பு சேர்த்து நுண்ணிய தையலால் இணைப்பது. இணைத்து முடிந்ததும் தாளை உருவிவிடலாம். இங்கிலாந்தில் இவ்வகைத் தாள்முறையில் பட்டுத் துண்டுகளால் செய்து 1718 என்று ஆண்டு பொறித்த படுக்கை விரிப்பு ஒன்று இன்றும் இருக்கிறது. பழைய போர்வைகள் சிலவற்றில் தாள்களை உருவாமலே விட்டிருப்பதால், அந்தத் தாள்களில் உள்ள கடித வரிகளையும் கணக்குகளையும் வைத்துக் காலத்தைக் கண்டுபிடிக்கிறார்கள். வழுக்கிக்கொண்டு ஓடும் ஆரணிப் பட்டு ரவிக்கைத் துண்டுகளை அடக்குவதற்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. தாள் உள்ளே இருக்கும்வரை பட்டு அசையாது. ஆனால் கணக்கைப் பாருங்கள். பக்கம் ஒரு அங்குலமுள்ள அறுகோணத்தின் பரப்பு ஏறத்தாழ 2.6 சதுர அங்குலம். நம் போர்வையின் பரப்பு 1620 சதுர அங்குலம் என்பதால் 620க்கும் மேற்பட்ட அறுகோணங்கள் வேண்டும். ஒன்றைத் தாளில் போர்த்த இரண்டு நிமிடம், இணைக்க ஐந்து நிமிடம் என்று வைத்தாலும் 70 மணி நேரத்தைத் தாண்டுகிறது. அதற்குப் பிறகுதான் அடுக்குகளைச் சேர்க்கும் வேலையே தொடங்கும். ஆசிரியை அம்மாவுக்கு மட்டும் இது பொருந்தும். அவர் தனியாக வந்து கற்றுக்கொள்ளட்டும்.

துணியில் உருவம் வெட்டி வேறொரு துணியின் மேல் வைத்துத் தைக்கும் ஒட்டுவேலையை ஒதுக்குவதுதான் எனக்கு மனத்தளவில் கடினமாக இருந்தது, ஏனென்றால் ஐந்து முறைகளில் நம் ஊர்க் கண்ணுக்கு மிகப் பழக்கமானது அதுவே. தேர்த் திருவிழாவில் தேரின் பக்கங்களில் ஆடும் தொம்பைகளையும் தேர்ச்சீலைகளையும் பார்த்திராதவர் யார்? சிவப்பு, மஞ்சள், பச்சை, வெள்ளை, கறுப்பு ஆகிய சில நிறங்களை வைத்துக்கொண்டு யாளியையும் அன்னத்தையும் தாமரையையும் தூரத்திலிருந்தே அடையாளம் தெரியும்படி வெட்டி ஒட்டித் தைக்கும் அந்தத் தொழில் தஞ்சாவூர், கும்பகோணம் பக்கம் இன்றும் நடக்கிறது. இதற்கு இன்னொரு பக்கத்துக் கதையும் உண்டு. சோழமண்டலக் கரையிலிருந்து கப்பலேறிப் போன சீட்டித் துணி இங்கிலாந்தில் கிளப்பிய மோகத்தில் அங்குள்ள நெசவாளர்கள் பிழைப்புக் கெட்டுப் போராடவே, 1721இல் அதை உடுத்தவும் வீட்டில் பயன்படுத்தவுமே தடைபோட்டுச் சட்டம் இயற்றினார்கள். அந்த விலையுயர்ந்த துணியின் சிறு துண்டையும் வீணாக்க மனமில்லாமல், பூவையும் பறவையையும் தனித்தனியாகக் கத்தரித்து வெள்ளைத் துணியில் பதித்துத் தைத்த போர்வைகள் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஒரு தனி வகையாகவே வளர்ந்தன.

ஒட்டுவேலையால் எவ்வளவு பெரிய காரியம் செய்ய முடியும் என்பதற்கு ஹாரியெட் பவர்ஸ் போதும். அமெரிக்காவின் ஜார்ஜியாவில் 1837இல் அடிமையாகப் பிறந்த அவர் தைத்தவற்றில் பைபிள் கதைகளைச் சொல்லும் இரண்டு போர்வைகள் இன்று எஞ்சியுள்ளன. ஒன்று வாஷிங்டனின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்திலும் மற்றொன்று பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்திலும் இருக்கின்றன. முதலாவதை வறுமையின் காரணமாக 1891இல் ஐந்து டாலருக்கு விற்றார். அதில் ஆதாமும் ஏவாளும் கால் முளைத்த பாம்பும் விலங்குகளும், நம் வீட்டுச் சுவரில் பிள்ளைகள் கரியால் வரைந்தவைபோல, ஆனால் ஒவ்வொன்றும் இருக்கவேண்டிய இடம் தெரிந்து நிற்கும். அதைப் பார்த்துவிட்டுத்தான் நானும் வேலூர்க் கோட்டை அகழியைத் துணியில் வெட்டிப் பார்த்தேன். மதில் வந்தது, தண்ணீர் வந்தது. மதிலின் பற்கள்போன்ற கூர்முனைகளில் ஓரத்தை உள்ளே மடிக்க முடியாமல் நூல் பிரிந்து, மூன்று துவைப்பில் மதில் பாதி இடிந்துவிட்டது. கூர்முனையையும் உள்வளைவையும் மடித்துத் தைக்கக் கை பழகுவதற்கே ஓர் ஆண்டு வேண்டும். அதற்கு முன்னால் வரையத் தெரிந்திருக்க வேண்டும். புதிதாக ஊசி பிடிப்பவரிடம் ஒரே நேரத்தில் இரண்டையும் கேட்பது நியாயமில்லை. சுவரில் மாட்டுவதற்கு இந்த முறை நல்லது. குழந்தை இழுத்துக் கடித்து நனைக்கும் போர்வைக்கு ஏற்றதில்லை.

எஞ்சியவை வங்காளத்துக் காந்தாவும் கர்நாடகத்துச் சித்தி இனப் பெண்களின் கவந்தியும். உண்மையான போட்டி இவ்விரண்டுக்கும் இடையில்தான்.

காந்தாவை நான் வங்காளத்துக்குப் போய்க் கற்கவில்லை; வங்காளம்தான் வேலூருக்கு வந்தது. சி.எம்.சி. மருத்துவமனைக்கு வருபவர்களுக்காகக் காந்தி ரோட்டிலும் சுற்றுத் தெருக்களிலும் இருக்கும் லாட்ஜுகளில், மேற்கு வங்கத்திலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் வந்தவர்கள் வாரக்கணக்கில் தங்குவதும், கடைப் பலகைகளில் வங்க எழுத்து இருப்பதும் இந்த ஊர்க்காரர்களுக்குப் புதிதல்ல. அப்படியொரு லாட்ஜுக்குத் தலையணை உறை தைத்துக் கொடுக்கப் போயிருந்தபோது, தாழ்வாரத்தில் ஓர் அம்மாள் பழைய வெள்ளைச் சேலையை மூன்றாக மடித்து மடியில் போட்டுத் தைத்துக்கொண்டிருந்தார். உள்ளே கணவர் அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு படுத்திருந்தார். எங்கள் இருவருக்கும் பொதுவான மொழி எதுவும் இல்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்ததும் ஊசியை என்னிடம் கொடுத்து, என் விரல்மேல் தம் விரலை வைத்து ஓட்டிக் காட்டினார். முதலில் நான் கவனித்தது அவர் முடிச்சே போடவில்லை என்பதை: நூலின் வாலை அடுக்குகளுக்கு நடுவே ஓரங்குலம் இழுத்து மறைத்துவிட்டு, ஒரே துளையில் இரண்டு முறை குத்தி நிறுத்தினார். அடுத்து, நான் தையலை இழுத்து இறுக்கியபோது கையைத் தட்டிவிட்டார். நூல் சற்றுத் தளர்ந்து துணிமேல் படுத்திருக்க வேண்டும். அப்போதுதான் நெடுகத் தைத்த பிறகு துணி நீர்ப்பரப்புபோல் மெல்லச் சுருங்கி அலையடிக்கும். பதினோரு நாட்கள் போனேன். பன்னிரண்டாம் நாள் அந்த அறையில் வேறு குடும்பம் இருந்தது.

காந்தா என்ற சொல்லும் நம் கந்தையும் ஒரே வேரிலிருந்து வந்தவை. கந்தையானாலும் கசக்கிக் கட்டச் சொன்ன நாம் அதைத் தைத்துப் போர்த்தலாம் என்ற பக்கம் அதிகம் போகாதது எனக்கு இன்னும் ஆச்சரியம்தான். முறையில் மறைபொருள் எதுவும் இல்லை. பழைய பருத்திச் சேலையின் அடுக்குகள், நம் பள்ளித் தையல் வகுப்பில் முதல் நாள் சொல்லித்தரும் ஓட்டுத்தையல், அவ்வளவே. சேலைக் கரையிலிருந்தே வண்ண நூலை உருவித் தைப்பது பழைய வழக்கம். ஆறு கெஜச் சேலையின் நீளம் 216 அங்குலம். அதைப் பாதியாக வெட்டி ஒவ்வொரு பாதியையும் மூன்றாக மடித்தால் 36 அங்குலத்துக்கு 46 அங்குலம் என்ற அளவில் மூன்று அடுக்கு கிடைக்கும்; ஆக ஒரு சேலையில் இரண்டு போர்வை. நடுவே பஞ்சு எதுவும் வேண்டாம்.

நேரத்தைப் பார்ப்போம். கால் அங்குல இடைவெளியில் நீளவாக்கில் தைத்தால் 144 வரிகள், வரிக்கு 45 அங்குலம். மொத்தம் 540 அடித் தையல். அங்குலத்துக்கு ஆறு தையல் என்றால் 38,880 முறை ஊசி துணிக்குள் இறங்கி ஏற வேண்டும். ஒரு வரிக்குக் கால் மணி நேரம் என்று வைத்தால் 36 மணி நேரம். அடுக்குகளைத் தற்காலிகமாகப் பிடித்து வைப்பதற்கும் ஓரம் மடிப்பதற்கும் ஆறு மணி நேரம் சேர்த்தால் 42. நம் வரம்புக்குள் வந்துவிடுகிறது. ஆறு இழை எம்பிராய்டரி நூலை இரண்டிரண்டு இழையாகப் பிரித்துத் தைத்தால் 8 மீட்டர் நூற்கண்டு ஒன்பது செலவாகும். மிஷின் வேண்டாம், மின்சாரம் வேண்டாம், பையில் போட்டுக்கொண்டு கம்பெனி வேனில்கூடத் தைக்கலாம்.

அப்படியானால் ஏன் தயங்கினேன்? காந்தா தவற்றை மறைக்காது. வரிகள் இணையாகப் போகும்போது பதினைந்தாவது வரி சாய்ந்தால் அதற்கடுத்த எல்லா வரிகளும் அந்தச் சாய்வைச் சுமந்துகொண்டு போகும். அதைவிடப் பெரிய தடை, மாறாத வேலை. எட்டாவது வாரத்திலும் முதல் வாரத்தில் செய்ததையேதான் செய்துகொண்டிருப்பார்கள். எனக்கு அந்த மாறாமையே மருந்தாக இருந்த காலம் உண்டு, ஆனால் அது நான் தேடிப் போய் எடுத்துக்கொண்டது. துணியும் ஒரு தடைதான். எட்டுப் பேரையும் வீட்டில் இருக்கும் பழைய துணியைக் கொண்டுவந்து காட்டச் சொன்னேன். நைந்து மென்மையான பருத்திச் சேலை இருந்தது ஐந்து பேரிடம்தான். பாலியெஸ்டரும் சின்தடிக்கும்தான் இப்போது அதிகம், அவை பாத்திரக்காரரிடம்கூடப் போகாமல் பரண்மேல் கிடக்கின்றன. மற்றபடி எல்லோரிடமும் ஏராளமாக இருந்தவை லுங்கித் துண்டுகள், பள்ளிச் சீருடைச் சட்டைகள், ரவிக்கை வெட்டு, கிழிந்த தலையணை உறை. குடியாத்தத்தில் லுங்கி நெய்யும் உறவினர் உள்ள ஒருவர் ஒரு பை நிறைய ஓரத்துண்டுகளையே கொண்டுவந்து கொட்டினார். இப்படிக் கலந்துகட்டிய குவியலுக்குக் காந்தா பதில் சொல்லாது. கவந்தி சொல்லும்.

கர்நாடகத்தின் வட கன்னட மாவட்டத்தில், யெல்லாபூர், ஹளியாள், முண்டகோடு வட்டங்களின் காட்டோர ஊர்களில் சித்தி இனத்தவர் வாழ்கிறார்கள். கோவாவிலிருந்த போர்ச்சுகீசியரும் பிறரும் ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவந்தவர்களின் வழித்தோன்றல்கள் அவர்கள். அவர்களுடைய பெண்கள் தைக்கும் போர்வைதான் கவந்தி. ஒரு பழைய சேலையைத் தரையில் விரித்து அதன் ஓரத்தை உள்ளே மடித்துக்கொண்டு, ஒரு மூலையில் முதல் ஒட்டுத்துணியை வைப்பார்கள். அதன் வெளிவிளிம்பையும் உள்ளே மடித்து ஓட்டுத்தையலில் தைத்துக்கொண்டே போய், அது தீர்ந்ததும் அடுத்த துண்டைச் சொருகி, அடுத்த மூலை, அதற்கடுத்த மூலை என்று செவ்வகத்தைச் சுற்றிவந்து, உள்நோக்கிச் சுழன்று நடுவில் முடிப்பார்கள். மேல்துணியைச் செய்வதும் அடுக்குகளைச் சேர்ப்பதும் ஒரே தையலில் நடந்துவிடுகின்றன. சட்டம் கிடையாது, அளவுகோல் கிடையாது, தற்காலிகத் தையலும் கிடையாது. நான்கு மூலைகளிலும் மடித்த முக்கோணத் துணிகளை அடுக்கிவைத்துத் தைப்பார்கள். பூ என்று பொருள்படும் பூலா என்பது அதன் பெயர். அது இல்லாத போர்வை அம்மணமாக இருப்பதுபோல என்று அவர்கள் சொல்வதுண்டு.

நான் இதைக் கற்றது காந்தாவுக்குப் பல ஆண்டுகள் கழித்து. கற்கும்போது என் கைதான் எனக்கு எதிரியாக இருந்தது. வெளியிலிருந்து உள்ளே போகும்போது துண்டுகளுக்கிடையில் துணி உப்பிக்கொண்டு நிற்கும். நான் பிரித்துச் சரிசெய்யப் பார்த்தேன். கற்றுக்கொடுத்தவர் அந்த உப்பலை அப்படியே சிறு மடிப்பாக மடித்து, அதன்மேல் ஒரு சிவப்புத் துண்டை வைத்துத் தைத்துவிட்டுப் போய்க்கொண்டே இருந்தார். முடிந்த போர்வையில் அந்த இடத்தைத்தான் எல்லோரும் முதலில் தொட்டுப் பார்த்தார்கள். ஜீஸ் பெண்ட் படங்களில் கண்ணால் கற்றதை இங்கே விரலால் கற்றேன் என்று சொல்லலாம்.

இதற்கும் கணக்குப் போட்டேன். வரிகளுக்கிடையில் அரை அங்குலம் விட்டால் 270 அடித் தையல், காந்தாவில் சரிபாதி. அதே வேகத்தில் 18 மணி நேரம். துண்டுகளின் விளிம்பை மடித்துச் சொருகுவதற்கும் மூலைப் பூக்களுக்கும் 12 மணி நேரம் கூட்டினால் 30. ஐம்பதுக்கு இருபது மணி நேரம் கையில் மிச்சம் இருக்கிறது. ஊசியே பிடிக்காதவர்கள் மெதுவாகத் தைத்தாலும் முடித்துவிடுவார்கள். மூன்று இழை வைத்துத் தைத்தால் ஏழு நூற்கண்டு. துணியிலும் ஒரு பொருத்தம் அமைந்தது: அரைச் சேலையின் 108 அங்குலத்தை 37, 35½, 35½ என்று மூன்றாக வெட்டினால், பெரியது ஓரம் மடிக்க இடமுள்ள அடித்துணியாகவும் மற்ற இரண்டும் நடு அடுக்காகவும் சரியாக அமர்கின்றன. ஐந்து பேர் சேலையை இரண்டாகப் பிரித்தால் எட்டுப் பேருக்கும் போதும்.

நடு அடுக்கைப் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் தொடங்குகிறவர்கள் பலரும் பணத்தை இழப்பது அங்கேதான். வெளிநாட்டுக் குயில்ட்களைப் பார்த்துவிட்டுப் பாலியெஸ்டர் பஞ்சுத் தகட்டை வாங்கி நானும் ஒருமுறை வைத்துத் தைத்தேன். கடைக்காரர் காற்றோட்டமாக இருக்கும் என்று சொல்லிக் கொடுத்ததுதான். சித்திரையில் 40 டிகிரியைத் தாண்டும் ஊரில் அந்தப் போர்வையை மேலே போட்டுக்கொண்ட யாரும் பத்து நிமிடத்துக்குமேல் பொறுக்கவில்லை. இலவம்பஞ்சு இன்னும் மோசம். அதன் இழை வழவழப்பானது, ஒன்றையொன்று பற்றாது. தலையணைக்கு நல்லது, மெல்லிய போர்வைக்குள் வைத்தால் இரண்டு துவைப்பில் மூலைக்கு ஓடிவிடும். பருத்திப் பஞ்சுத் தகடு வைத்தால் துவைக்கும்போது 3 முதல் 5 சதவீதம் சுருங்கும், அந்தச் சுருக்கம் அழகுதான், ஆனால் மார்கழி, தை இரவுகளைத் தவிர இங்கே அதற்கு வேலை இல்லை. பழைய சேலையின் இரண்டு அடுக்கே இந்த ஊருக்குச் சரியான நடு அடுக்கு. காந்தாவும் கவந்தியும் மற்ற மூன்றையும் முந்துவதற்கு இதுவும் ஒரு காரணம்.

கவந்தியில் குறை இல்லாமல் இல்லை. பல துணிகள் கலப்பதால் ஒன்று சுருங்கும், ஒன்று சுருங்காது. ஒன்றின் சாயம் இன்னொன்றில் இறங்கும். மெட்ராஸ் செக் துணியைச் சாயம் போவதையே சிறப்பாகச் சொல்லி விளம்பரம் செய்து 1960களில் அமெரிக்காவில் விற்றார்கள் என்பது உண்மை, ஆனால் என் முதல் கவந்தியில் ஒரு சிவப்புக் கட்டம் போட்ட லுங்கி, பக்கத்திலிருந்த வெள்ளைச் சீருடைத் துணியை ரோஜா நிறமாக்கியபோது எனக்கு அதில் சிறப்பு எதுவும் தெரியவில்லை. கல்லுப்புப் போட்டு ஊறவைத்தால் சாயம் நின்றுவிடும் என்று எல்லோரும் சொல்வார்கள், அதை நம்பாதீர்கள். நனைந்த துண்டை வெள்ளைத் துணிக்கு நடுவே வைத்துச் சூடான இஸ்திரிப்பெட்டியால் அழுத்திப் பார்ப்பதே சோதனை; கறை விழாமல் நிற்கும்வரை அலச வேண்டும், விழுந்துகொண்டே இருந்தால் அந்தத் துண்டை விட்டுவிட வேண்டும். ஜரிகைத் துணியும் வேண்டாம், ஊசி அதில் மாட்டும். பனியன் துணி இழுபடும், அதுவும் வேண்டாம்.

இன்னொரு குறையும் உண்டு. கவந்தியில் தேர்ந்த கை நுண்ணிய தையலை விரும்பத் தொடங்கும்போது அரை அங்குல வரிகள் போதாமல் போகும். அவர்களுக்குத்தான் காந்தா. அதனால் முடிவை இப்படி எடுத்தேன்: பன்னிரண்டு வாரமும் கவந்தி, யாராவது பத்தாவது வாரத்திலேயே முடித்துவிட்டால், எஞ்சிய இரண்டு வாரம் நல்ல சேலைத் துண்டு ஒன்றில் ஒரு சாண் காந்தா தைத்துப் பார்க்கட்டும், பிடித்தால் தொடரட்டும். ரவிக்கை தைப்பவருக்குத் தாம் சேர்த்து வைத்திருக்கும் பட்டைகளை லாக் கேபினாக்கும் ஆசை இருக்கிறது. அவர் வீட்டில் மிஷின் இருக்கிறது, ஒரு மாலை போய்க் காட்டிவிட்டு வந்தால் போதும். தொம்பை வேலைக்கு நான் இன்னும் மாணவிதான்.

எட்டுத் தாள்களில் எழுதிக் கொடுத்துவிட்டேன்: அரைச் சேலை, கைக்கு வந்த பருத்தித் துண்டுகள் ஒரு கிலோ, ஏழாம் எண் ஊசி நான்கு, கத்தரிக்கோல் ஒன்று, நூல் நான் வாங்கித் தருகிறேன். ஷூ கம்பெனியில் வேலை செய்யும் பெண் தாளைப் படித்துவிட்டு மிஷின் எண்ணெய் எங்கே என்று கேட்டுச் சிரித்தார். குடியாத்தம் லுங்கித் துண்டுகள் மாடியில் மூன்று வாளிகளில் ஊறுகின்றன. இரண்டு வாளிகளில் தண்ணீர் தெளிந்துவிட்டது. மூன்றாவதில் நான்காம் முறை மாற்றிய பிறகும் சிவப்பு இறங்கிக்கொண்டேதான் இருக்கிறது, அவற்றைத் தனியாக எடுத்துவைத்திருக்கிறேன்.